முதல் டாங்கிகள் எப்படி உருவாயின, போரை உண்மையிலேயே மாற்றினவா?

கேள்வி இது: முதலாம் உலகப் போரில் டாங்கி களமிறங்கியதும் போர் முறையே தலைகீழாக மாறிவிட்டது என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? முதல் டாங்கிகள் எப்படி இருந்தன? ஜெர்மனி ஏன் இதில் பின்தங்கியது?

மாறியது உண்மைதான், ஆனால் இறங்கிய அன்றே மாறிவிடவில்லை. 1916 செப்டம்பரில் தொடங்கி 1918 ஆகஸ்ட் வரை இரண்டு ஆண்டுகள் டாங்கி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதில் பெரும்பகுதி எதிரியின் குண்டால் வந்ததல்ல. சொந்த எஞ்சினாலும் கியராலும் செயினாலும் சேற்றாலும் வந்தது. அதனால் இந்தப் பதிலில் பீரங்கியைப் பற்றிக் கொஞ்சமாகவும் கியரைப் பற்றி நிறையவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படி ஒரு வண்டி ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். 1914 கடைசியில் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்த மேற்குப் போர்முனையில் இரண்டு தரப்பும் மண்ணைத் தோண்டி உட்கார்ந்துவிட்டன. வட கடல் கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை அகழி. அகழிக்கு முன்னால் முள்கம்பி, பின்னால் இயந்திரத் துப்பாக்கி. எழுந்து ஓடி வருகிறவன் முள்கம்பியில் சிக்குவான், சிக்கியவனை இயந்திரத் துப்பாக்கி முடித்துவிடும். வாரக்கணக்கில் பீரங்கியால் அடித்துக் கம்பியை அறுத்துவிடலாம் என்று நம்பினார்கள். அப்படி ஏழு நாள் அடித்துவிட்டுத்தான் 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷ் படை எழுந்து நடந்தது. அந்த ஒரே நாளில் 57,000க்கு மேற்பட்டோர் அடிபட்டார்கள், 19,000க்கு மேல் இறந்தார்கள்.

இரும்புத் தகடு போர்த்திய வண்டி அதற்கு முன்பே இருந்தது. 1914இல் பெல்ஜியப் படை மினர்வா கார்களுக்குத் தகடு அடித்து ஜெர்மானியரை அலைக்கழித்தது. டன்கர்க் பக்கம் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவினர் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை இப்படி மாற்றி ஓட்டினார்கள். சாலை இருக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அகழி வந்ததும் கவசக் காருக்கு வேலை போய்விட்டது. எகிப்துப் பாலைவனத்தில் அதே ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் பின்னால் அருமையாக வேலை செய்தன என்பது வேறு கதை. பிரான்சில் கவசத்துக்குப் பஞ்சமில்லை, துப்பாக்கிக்கும் பஞ்சமில்லை. பள்ளத்தைத் தாண்டும் கால்தான் இல்லை.

அந்தக் கால் வயல்காட்டிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் ஹோல்ட் நிறுவனம் இளகிய மண்ணில் உழுவதற்காகச் செயின் டிராக்டர் செய்து விற்றுக்கொண்டிருந்தது. நம்மூரில் பொக்லைன்காரர்கள் ‘செயின் வண்டி’ என்பார்களே, அதன் கொள்ளுத் தாத்தா. எடை முழுவதும் நீண்ட பட்டையில் பரவுவதால் சேற்றில் புதையாது. கனரகப் பீரங்கிகளை இழுக்க அந்த டிராக்டரைப் படையினர் வாங்கினார்கள். எர்னஸ்ட் ஸ்விண்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இதன் மேல் கவசத்தைப் போட்டு அகழிக்கு மேலேயே ஓட்டினால் என்ன என்று 1914 அக்டோபரில் மேலிடத்துக்குச் சொன்னார். தரைப்படைத் தலைமை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் பிடித்துக்கொண்டார். 1915 பிப்ரவரியில் ‘தரைக்கப்பல் குழு’ ஒன்றை அமைத்தார். தலைவர் யார் தெரியுமா? போர்க்கப்பல் வடிவமைக்கும் துறையின் இயக்குநர் டென்னிசன் டெயின்கோர்ட். தரையில் ஓடும் வண்டியைக் கப்பல்காரர்கள் செய்த விநோதம் இப்படித்தான் நடந்தது.

வேலை இங்கிலாந்தின் லிங்கன் நகரில் விவசாய எந்திரங்கள் செய்யும் வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனிக்குப் போனது. அதன் நிர்வாகி வில்லியம் டிரிட்டன், கடற்படை சார்பில் வந்த வால்டர் வில்சன் என்ற பொறியாளர், இந்த இரண்டு பேரும்தான் டாங்கியை உண்மையில் செய்தவர்கள் என்பேன். யோசனை சொன்னதாக உரிமை கொண்டாடியவர்கள் பின்னால் நிறைய.

1915 செப்டம்பரில் முதல் வண்டி நகர்ந்தது. சிகாகோவிலிருந்து வரவழைத்த புல்லக் கம்பெனிச் செயினைப் போட்டிருந்தார்கள். வண்டி பள்ளத்தைத் தாண்டும்போது செயின் தொங்கும், மறுகரையில் ஏறும்போது சக்கரத்தை விட்டு விலகும். டிராக்டருக்குப் போதுமான செயின், பல டன் இரும்பைச் சுமந்துகொண்டு அகழியில் இறங்கி ஏறத் தாங்கவில்லை. டிரிட்டன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாமே புதிதாக ஒன்று வடிவமைத்தார். எஃகுத் தகடுகளை இணைப்புகளோடு ஆணியடித்து, அந்த இணைப்புகள் சட்டத்திலுள்ள தண்டவாளத்தில் கவ்விக்கொண்டே ஓடும்படி செய்தார். வண்டி அந்தரத்தில் தொங்கினாலும் செயின் கழன்று விழாது. டாங்கியின் பிறந்தநாளைக் குறிக்கச் சொன்னால் நான் இந்தச் செயின் வேலை செய்த நாளைத்தான் குறிப்பேன்.

இந்த வண்டிக்குப் பிற்பாடு ‘லிட்டில் வில்லி’ என்று பெயர் வந்தது. ஆனால் போர்த்துறை அதற்குள் நிபந்தனையை ஏற்றிவிட்டது: 8 அடி அகழியைத் தாண்ட வேண்டும், நாலரை அடி மேட்டில் ஏற வேண்டும். லிட்டில் வில்லியின் நீளம் அதற்குப் போதாது. வில்சன் கொண்டுவந்த தீர்வு எளிமையானது. செயினை வண்டிக்கு அடியில் வைக்காமல் வண்டியைச் சுற்றியே, கூரை மேல் ஏறி இறங்கும்படி ஓடவிட்டார். முன்பக்கம் உயர்ந்து சாய்சதுரமாகத் தெரியும் அந்தப் பழைய படங்களின் வடிவம் இங்கிருந்து வந்ததுதான். மேலே சுழல் கோபுரம் வைத்தால் தலைக்கனம் கூடிக் கவிழும் என்பதால் பீரங்கிகளை இரண்டு பக்கவாட்டிலும் புடைத்த பெட்டிகளில் பொருத்தினார்கள். கப்பலில் அப்படித்தான் வைப்பார்கள்.

இதே சமயம் ரஷ்யாவில் லெபெடென்கோ என்பவர் செயினே வேண்டாம், சக்கரத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று 9 மீட்டர் உயரச் சக்கரம் இரண்டு வைத்து ஒன்று கட்டினார். சோதனை ஓட்டத்தில் பின்னாலிருந்த சின்னச் சக்கரம் மண்ணில் சிக்கியது. பிறகு எடுக்கவே முடியவில்லை. போர் முடிந்து சில வருடம் கழித்து அங்கேயே உடைத்து இரும்புக்குப் போட்டார்கள்.

1916 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் ஹேட்ஃபீல்டு பூங்காவில் மாதிரி அகழி வெட்டி, ‘மதர்’ என்று அழைக்கப்பட்ட புதிய வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். போர் அமைச்சர் கிச்சனர் இதை அழகான பொம்மை என்கிற தோரணையில் ஒதுக்கினார். ஆனாலும் 100 வண்டிக்கு ஆர்டர் வந்தது, பிறகு அது 150 ஆனது. ரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று தொழிற்சாலையில் சொல்லிவைத்தார்கள், டாங்க் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சரி, அந்த ஆர்டரில் வந்த மார்க்-1 வண்டிக்குள் ஏறிப் பார்ப்போம். எடை சுமார் 28 டன். எஞ்சின் 105 குதிரைத்திறன் டைம்லர். இன்றைய சாதாரண கார் ஒன்றுக்கே அவ்வளவு திறன் உண்டு. நல்ல தரையில் மணிக்கு 6 கி.மீ. போகும், குண்டுக்குழி நிறைந்த களத்தில் மனிதன் நடக்கும் வேகம்கூட வராது. எஞ்சினுக்குத் தனி அறை கிடையாது. வண்டியின் நடுவில் திறந்தபடி கிடக்கும், எட்டுப் பேர் அதைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். நிமிர்ந்து நிற்க இடமில்லை. உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தொடும். பெட்ரோல் ஆவி, எஞ்சின் புகை, சுட்ட வெடிமருந்தின் புகை எல்லாம் அதே காற்றில். வெளியே வந்ததும் வாந்தி எடுத்தவர்களும் மயங்கி விழுந்தவர்களும் ஏராளம்.

திருப்புவதுதான் பெரிய கூத்து. ஒரு மார்க்-1 வண்டியை ஓட்ட நாலு பேர் வேண்டும். முன்னால் டிரைவர், பக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கும் வண்டித் தளபதி, பின்னால் இடமும் வலமும் ஒவ்வொரு செயினுக்கும் தனித்தனியாக ஒரு கியர்க்காரர். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். எஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்பதால் டிரைவர் ஸ்பானரால் எஞ்சின் மூடியைத் தட்டுவார். கியர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டிரைவர் விரலைக் காட்டி எந்தக் கியர் என்று சொல்வார். இடப்பக்கக்காரர் நியூட்ரலுக்குத் தள்ள, வலப்பக்கக்காரர் கியரைப் போட, தளபதி இடது செயினின் பிரேக்கை இழுத்துப் பிடிக்க, வண்டி மெல்லத் திரும்பும். பிறகு மறுபடி நிறுத்தி, மறுபடி தட்டி, எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டும். இத்தனையும் எதிரி பீரங்கி குறிபார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்.

கவசம் 6 முதல் 12 மி.மீ. வரைதான். சாதாரணத் துப்பாக்கிக் குண்டு உள்ளே வராது. ஆனால் தகட்டில் மோதிய வேகத்தில் சூடான உலோகத் துணுக்குகள் இடுக்குகள் வழியாகவும் தகட்டின் உட்புறத்திலிருந்தும் தெறித்து முகத்தைக் கிழிக்கும். அதற்காக இரும்பு வளையங்கள் தொங்கும் தோல் முகமூடி கொடுத்தார்கள். அந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்ப? கூண்டில் புறா. அந்த வண்டியில் வானொலி கிடையாது.

1916 செப்டம்பர் 15, சோம் களத்தில் ஃப்ளேர்ஸ் கிராமத்தின் பக்கம். இருந்த 49 டாங்கிகளில் தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர்ந்தவை 32. மீதி வழியிலேயே நின்றன. ஒரு டாங்கி ஃப்ளேர்ஸ் தெருவுக்குள் ஊர்ந்து போக, பின்னால் சிப்பாய்கள் ஆரவாரத்தோடு போனது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. செய்தித்தாளில் அவ்வளவாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. டாங்கிகள் நம் குண்டிலேயே அடிபடக் கூடாது என்று பீரங்கித் தாக்குதலில் 100 கஜ அகலத்துக்குச் சந்து சந்தாக விட்டு அடித்தார்கள். டாங்கி வந்த சந்தில் பிரச்சினை இல்லை. வராத சந்தில், ஒரு குண்டும் விழாத ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் அப்படியே காத்திருந்தன. பழுதான டாங்கி சும்மா நின்றதோடு போகவில்லை, கூட வந்த காலாட்படையையும் காவு கொடுத்தது. அப்படியும் பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி ஹெய்க் சில நாளில் இன்னும் 1,000 டாங்கி கேட்டார். அவரைப் பழைய காலத்துக் குதிரைக்காரர் என்று கேலி செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குதிரை என்றதும் ஒன்று. இதே களத்தில் இரண்டு மாதம் முன்பு, ஜூலை 14 அன்று, ஹை வுட் காட்டருகே 20ஆவது டெக்கான் ஹார்ஸ் என்ற இந்தியக் குதிரைப்படை ஈட்டியோடு பாய்ந்தது. அதே ரெஜிமென்ட் இன்று இந்திய ராணுவத்தின் டாங்கிப் பிரிவு. 1965 போரில் அசல் உத்தரில் ஷெர்மன் டாங்கிகளோடு சண்டையிட்டது.

1917 முழுவதும் பெரும்பாலும் அடிதான். ஏப்ரலில் புல்லெகூரில் சில டாங்கிகளை நம்பிப் பீரங்கித் தாக்குதல் இல்லாமலே ஆஸ்திரேலியர்களை அனுப்பினார்கள். டாங்கிகள் தாமதமாகின, பழுதாகின, எரிந்தன. ஆஸ்திரேலியர்கள் அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் டாங்கியை நம்பவே இல்லை. அதே ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் பெரி-ஓ-பாக்கில் ஷ்னைடர் டாங்கிகளை முதன்முதலாக இறக்கினார்கள். ஜெர்மன் பீரங்கிகள் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே அடித்ததில் பல எரிந்து போயின, தாக்குதலை வழிநடத்திய அதிகாரி லூயி போசுவும் இறந்தார். ஜூலை கடைசியிலிருந்து பெல்ஜியத்தின் பாஷன்டேல் சேறு. வடிகால் உடைந்து, மழையும் சேர்ந்து, குண்டு உழுத களிமண்ணில் டாங்கிகள் வயிறு வரை புதைந்தன. டாங்கிக்குச் சேறு ஆகாது என்று டாங்கிப் படையின் அதிகாரிகள் அப்போதே சொன்னார்கள், கேட்க ஆளில்லை.

அவர்கள் கேட்ட இடம் பிரான்சின் காம்ப்ரே: காய்ந்த சுண்ணாம்புத் தரை, அதிகம் குண்டு படாத பகுதி. 1917 நவம்பர் 20 விடிகாலையில் துணை வண்டிகளும் சேர்த்து 476 டாங்கிகள் ஒன்றாகப் புறப்பட்டன. அங்கே ஜெர்மன் அகழிகள் டாங்கி தாண்ட முடியாத அகலத்தில் இருந்தன. ஒவ்வொரு டாங்கியின் தலையிலும் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள விறகுக்கட்டு ஒன்றை ஏற்றினார்கள். சீனத் தொழிலாளர்கள் கட்டிய கட்டுகள் அவை. கட்டைச் சுற்றிய சங்கிலியை இரண்டு பக்கமும் டாங்கிகளே இழுத்து இறுக்கின. அகழி வந்ததும் அதை உருட்டிவிட்டு அதன் மேல் ஏறிக் கடப்பது திட்டம்.

ஆனால் காம்ப்ரேயின் முதல் நாள் வெற்றியில் பாதிப் புகழ் பீரங்கிப் படைக்குச் சேர வேண்டும். அதுவரை சோதனைக் குண்டு போட்டுக் குறியைச் சரிசெய்த பிறகுதான் தாக்குவார்கள், எதிரிக்கும் விஷயம் தெரிந்துவிடும். இங்கே வரைபடம், வானிலை, ஒவ்வொரு பீரங்கியின் தேய்மானம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, சுமார் 1,000 பீரங்கிகள் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நேரத்தில் சுட்டன. சில இடங்களில் ஒரே நாளில் 8 கி.மீ. முன்னேறினார்கள். லண்டனில் தேவாலய மணிகளை அடித்தார்கள். மணி அடித்தது சீக்கிரமாகிவிட்டது. முதல் நாளிலேயே 179 டாங்கிகள் போய்விட்டன: குண்டுபட்டவை 65, பழுதானவை 71, பள்ளத்தில் சிக்கியவை 43. எதிரி அழித்ததைவிடத் தானாக நின்றவை அதிகம். நவம்பர் 30 அன்று ஜெர்மானியர்கள் டாங்கியே இல்லாமல், சிறு குழுக்களாக ஊடுருவும் காலாட்படையை வைத்துத் திருப்பித் தாக்கி, இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள்.

இன்றைய டாங்கியின் நேர் மூதாதை பிரிட்டிஷ் வண்டி அல்ல. பிரெஞ்சு கர்னல் எஸ்தியென் வற்புறுத்த, கார் தயாரிப்பாளர் லூயி ரெனோ செய்த ‘எஃப்.டி.’ என்ற சின்னஞ்சிறு டாங்கிதான். எடை ஏழு டன்னுக்குள், ஆட்கள் இரண்டே பேர். முன்னால் டிரைவர், நடுவில் முழு வட்டமாகச் சுழலும் கோபுரம், பின்னால் தடுப்புக்கு அப்பால் எஞ்சின். ஆவடியில் செய்த விஜயந்தா, அர்ஜுன் வரை இந்த அமைப்புதான். உள்ளே பேச்சுத்தொடர்பு கிடையாது என்பதால் கோபுரத்தில் நிற்கும் தளபதி காலால் டிரைவரை உதைத்துச் சொல்வார். முதுகில் உதைத்தால் போ, தோளில் உதைத்தால் அந்தப் பக்கம் திரும்பு, தலையில் வைத்தால் நில். மலிவு, எளிமை என்பதால் போர் முடிவதற்குள் 3,000க்கு மேல் செய்துவிட்டார்கள். பெரிய டாங்கிகள் நூறு நூறாக வந்த காலத்தில் இது பெரிய எண்ணிக்கை.

பிரிட்டனிலும் 1918இல் மார்க்-5 வந்தது. வில்சனின் புதிய கியர் அமைப்பால் ஒரே டிரைவர் ஓட்ட முடிந்தது. ஹாரி ரிக்கார்டோ செய்த 150 குதிரைத்திறன் எஞ்சின் வேறு. ஜூலை 4 அன்று ஹமெல் கிராமத்தில் ஆஸ்திரேலியத் தளபதி மோனாஷ் 60 டாங்கிகள், பீரங்கி, விமானம், காலாட்படை எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் கோத்து 93 நிமிடத்தில் வேலையை முடித்தார். புல்லெகூரில் சூடுபட்ட அதே ஆஸ்திரேலியர்கள்தான். ஆகஸ்ட் 8 அன்று ஆமியெனில் இதையே பெரிய அளவில் செய்தார்கள், 400க்கும் மேற்பட்ட டாங்கிகளோடு. ஜெர்மன் படையின் கறுப்பு நாள் என்று ஜெர்மன் தளபதி லூடென்டார்ஃப் பின்னாளில் எழுதியது இந்த நாளைத்தான். அடுத்தடுத்த நாட்களில் களத்திலிருந்த டாங்கிகள் எத்தனை என்று பாருங்கள்: 9ஆம் தேதி 145, 10ஆம் தேதி 85, 11ஆம் தேதி 38, 12ஆம் தேதி 6. கோட்டை உடைக்க முடிந்தது, உடைத்த வழியே தொடர்ந்து ஓட அந்த எஞ்சின்களால் முடியவில்லை. ஆகவே டாங்கியால்தான் போர் முடிந்தது என்பது மிகை. டாங்கி இல்லாமலும் 1918 அப்படி முடிந்திருக்கும் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1918 தாக்குதல்களில் காலாட்படையின் சாவைக் குறைத்தது என்பதே அதன் உண்மையான பங்கு.

அப்புறம் ஜெர்மனி. ஃப்ளேர்ஸில் பழுதாகி நின்ற டாங்கிகளைப் பார்த்து அவர்கள் இதைக் குறைவாக எடைபோட்டது ஒரு காரணம். இரும்பும் தொழிற்சாலையும் நீர்மூழ்கிக்கும் பீரங்கிக்கும் லாரிக்கும் போனது இன்னொன்று. புல்லெகூரில் பிடித்த டாங்கிகளின் தகட்டைத் துளைக்கும் குண்டு தங்களிடம் இருப்பதைக் கண்டதும் மெத்தனம் கூடியது. அந்த டாங்கிகள் பயிற்சிக்காகச் செய்த மார்க்-2, கெட்டிப்படுத்தாத தகடு! கடைசியில் அவர்கள் செய்த ஏ7வி மொத்தம் 20 மட்டுமே. 30 டன் எடை, உள்ளே 18 பேர், அகழி தாண்டுவதில் படுமோசம். பிரிட்டனிடமிருந்து பிடித்த மார்க்-4 டாங்கிகள்தான் அவர்களிடம் அதிகம் ஓடின.

1918 ஏப்ரல் 24 அன்று வில்லே-பிரெத்தொன்னெ அருகே உலகின் முதல் டாங்கிச் சண்டை நடந்தது. மூன்று பிரிட்டிஷ் டாங்கிகளில் இரண்டில் வெறும் இயந்திரத் துப்பாக்கி மட்டும் இருந்ததால் அடிபட்டுப் பின்வாங்கின. லெப்டினன்ட் ஃபிராங்க் மிட்செலின் வண்டியில் பீரங்கி இருந்தது. ஆடிக்கொண்டே சுட்டால் குறி தவறுகிறது என்று, ஆபத்தைப் பொருட்படுத்தாமல் வண்டியை நிறுத்திச் சுட்டு ‘நிக்ஸே’ என்ற ஏ7வியை வீழ்த்தினார்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு: லிட்டில் வில்லியும் மிஞ்சியிருக்கும் ஒரே மார்க்-1உம் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காம்ப்ரே சண்டையில் அழிந்து 1998இல் ஃப்ளெஸ்கியேரில் தோண்டியெடுத்த ‘டெபோரா’ அதே கிராமத்தில் இருக்கிறது. 20 ஏ7விகளில் மிஞ்சிய ஒன்றே ஒன்று, ‘மெஃபிஸ்டோ’, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில். போவிங்டன் போனால் லிட்டில் வில்லியின் செயினைக் குனிந்து பாருங்கள். டிரிட்டன் செய்த இணைப்புகள் சட்டத்தைக் கவ்வியிருப்பது அங்கே தெரியும்.